தேரைத்தோல்: உணவுக் குறைவும் தோல் நோயும் பற்றிய தென்னிந்திய வரலாறு

முழங்கையின் வெளிப்புறத்திலும் முழங்காலின் மேலும் சிறு சிறு முட்கள் போலக் கொப்புளமில்லாத முடிச்சுகள் எழுந்து, தொட்டால் சொரசொரவென்று அரம் போல இருக்கும் ஒரு நிலை உண்டு. அரிப்பு பெரும்பாலும் இராது; வலியும் இராது. ஒவ்வொரு மயிர்க்காலின் வாயையும் காய்ந்து இறுகிய கெரட்டின் அடைத்துக்கொள்வதால் இந்த முடிச்சுகள் உண்டாகின்றன. பள்ளிப் பருவக் குழந்தைகளிடம்தான் இது மிகுதி. மருத்துவ நூல்களில் இதற்கு ஃபிரினோடெர்மா என்று பெயர். கிரேக்க மொழியில் ‘ஃபிரினோஸ்’ என்றால் தேரை, ‘டெர்மா’ என்றால் தோல். எனவே தமிழில் இதைத் தேரைத்தோல் என்று சொல்வது பொருத்தமாகும்.

இந்தப் பெயரைக் கேட்டால் தமிழருக்கு வேறொன்றும் நினைவுக்கு வரும். உள்ளே பருப்பில்லாமல் போன தேங்காயைத் ‘தேரை மோந்த தேங்காய்’ என்றும், சதை வற்றித் தோல் சுருங்கிப்போன குழந்தையைத் ‘தேரை விழுந்த பிள்ளை’ என்றும் நம் கிராமங்களில் சொல்லும் வழக்கம் உண்டு. கிரேக்கச் சொல்லைத் தேடி எடுத்த மருத்துவருக்கு இந்த வழக்கு தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் ஊட்டம் குறைந்த உடலையும் தேரையையும் இரு தரப்பாரும் சேர்த்தே பார்த்திருக்கிறார்கள்.

உணவுக்கும் தோலுக்கும் என்ன தொடர்பு என்ற கேள்விக்கு இன்று அழகுக் குறிப்புகளே மிகுதியாகக் கிடைக்கின்றன. அந்தக் கேள்வி அறிவியலாக வளர்ந்தது அழகு நிலையங்களில் அல்ல. சிறைகளிலும், படை முகாம்களிலும், ஏழைப் பள்ளிக்கூடங்களிலும்தான். அந்த வளர்ச்சியில் குன்னூரில் இருந்த ஒரு சிறிய ஆய்வுக்கூடத்திற்குப் பெரிய பங்கு உண்டு.

பெயர் பிறந்த ஆண்டு

1931-இல் பீக்கிங் நகரில் பணியாற்றிய ஃபிரேசியர், ஹூ என்ற இரு மருத்துவர்கள், கண்ணின் கருவிழி மென்மையடைந்து பார்வை கெட்டுவந்த சீனப் படைவீரர்களின் தோலிலும் இத்தகைய முடிச்சுகள் இருப்பதை எழுதினார்கள். கண் கெடுவது வைட்டமின் ஏ குறைவால் என்பது அப்போதே தெரிந்திருந்தது. ஆகவே தோல் மாற்றத்திற்கும் அதுவே காரணம் என்று கொண்டார்கள். 1933-இல் லோவன்தால் என்பவர் உகாண்டாச் சிறைக் கைதிகளிடம் இதையே கண்டு, மீன் எண்ணெய் கொடுத்துக் குணப்படுத்தினார். அதே 1933-இல் கொழும்பு பாக்டீரியா ஆய்வு நிலையத்தின் இயக்குநராக இருந்த லூசியஸ் நிக்கல்ஸ், கல்கத்தாவிலிருந்து வெளிவந்த ‘இந்தியன் மெடிக்கல் கெசட்’ இதழில் ஒரு கட்டுரை எழுதி, ஃபிரினோடெர்மா என்ற பெயரை வைத்தார். வைட்டமின் குறைவால் வரும் நிலை என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார்.

அதே ஆண்டில் ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்ட் நாட்டில், இன்றைய கானாவில், சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர், வீங்கிய உடலும் பெயின்ட் உரிவது போல உரியும் தோலுமாக இருந்த குழந்தைகளைப் பற்றி எழுதினார். பின்னாளில் குவாஷியார்கர் என்று அறியப்பட்ட புரதக்குறை நோய் அது. வெப்ப நாடுகளில் பணிபுரிந்த மருத்துவர்கள், தோலைப் பார்த்தே வயிற்றின் நிலையைப் படிக்கலாம் என்று ஏறத்தாழ ஒரே காலத்தில் உணரத் தொடங்கியிருந்தார்கள் என்பது இதிலிருந்து தெரிகிறது.

குன்னூர் ஆய்வுக்கூடம்

நீலகிரி மாவட்டம் குன்னூரில் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் 1918-இல் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். அது வளர்ந்து ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம் ஆயிற்று. இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை அப்படியே எலிகளுக்குக் கொடுத்து அவற்றின் வளர்ச்சியை ஒப்பிட்டவர் மெக்காரிசன். கோதுமை, பால், பருப்பு, கீரை கொண்ட சீக்கியர் உணவை உண்ட எலிகள் செழித்தன. தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பிய மதராஸ் உணவை உண்டவை மெலிந்தன. எலிகளை வைத்து மனிதரின் உணவுப் பண்பாட்டுக்கே மதிப்பெண் போடுவது சற்று மிகையானது. ஆனாலும் தீட்டிய அரிசிச் சோறு மட்டும் போதாது என்ற அடிப்படைச் செய்தி சரியானதே.

1935-இல் மெக்காரிசன் ஓய்வு பெற்றபின் வாலஸ் அய்க்ராய்டு இயக்குநரானார். எலியிலிருந்து பள்ளிக்கூடத்திற்குப் பார்வையைத் திருப்பியவர் இவரே. 1936, 1937-ஆம் ஆண்டுகளில் ராஜகோபால், கிருஷ்ணன் ஆகியோருடன் சேர்ந்து தென்னிந்தியப் பள்ளிக் குழந்தைகளின் உடல்நிலையை ஆராய்ந்தார். ஆய்வாளர்கள் குழந்தைகளிடம் முக்கியமாகத் தேடியவை மூன்று அடையாளங்கள்: கண்ணின் வெள்ளைப் பகுதியில் நுரை போலப் படியும் பிட்டாட் புள்ளி, வாயின் இரு ஓரங்களிலும் வெடிப்பும் புண்ணும், முழங்கை முழங்காலில் தேரைத்தோல். இம்மூன்றையும் காண எந்தக் கருவியும் வேண்டியதில்லை. குழந்தையை வெளிச்சத்தில் நிறுத்தி, கண், வாய், கை, கால் பார்த்தால் போதும். உணவுக் கணக்கெடுப்பு வீட்டுக்கு வீடு போய் அரிசியை நிறுத்துப் பார்க்கும் நீண்ட வேலை. தோலைப் பார்ப்பதோ சில நொடி வேலை.

வாய் ஓரப் புண்ணின் கதை விரைவில் தெளிந்தது. பி வைட்டமின் தொகுதியைச் சேர்ந்த ஒரு பொருளின் குறைவு அது என்று அய்க்ராய்டும் கிருஷ்ணனும் 1936-இல் காட்டினார்கள். கொழுப்பு நீக்கிய பாலைச் சேர்த்துக் கொடுப்பதன் பயனையும் மறு ஆண்டு ஆராய்ந்தார்கள். பிட்டாட் புள்ளி வைட்டமின் ஏ குறைவோடு சேர்ந்தது என்பதிலும் பெரிய ஐயம் இல்லை. மூன்றாவதான தேரைத்தோல்தான் எளிதில் பிடிகொடுக்கவில்லை.

வைட்டமினா, எண்ணெயா?

நிக்கல்ஸ் சொன்னபடி வைட்டமின் ஏ குறைவே காரணம் என்றால், கண்ணில் குறை உள்ள குழந்தைகளுக்கெல்லாம் தோலிலும் குறை இருக்க வேண்டும். நடைமுறையில் அப்படி இல்லை. கண்ணில் தெளிவான அறிகுறி உள்ள குழந்தையின் தோல் வழவழப்பாக இருக்கும். தேரைத்தோல் உள்ள குழந்தைக்குப் பார்வையில் குறையே இராது.

அடுத்த ஐயம் மருந்தைப் பற்றியது. மீன் எண்ணெய் கொடுத்தபோது நோய் குணமானது. மீன் எண்ணெயில் வைட்டமின் ஏ மிகுதி. எனவே வைட்டமின் ஏ குறைவே காரணம் என்பது பழைய வாதம். ஆனால் மீன் எண்ணெய் என்பது முதலில் ஓர் எண்ணெய். குணப்படுத்தியது அதில் கரைந்திருந்த வைட்டமினா, அதைக் கரைத்து வைத்திருந்த எண்ணெயா என்று அந்தச் சோதனைகளால் சொல்ல முடியாது. இவ்வளவு எளிய கேள்வி பல ஆண்டுகள் அழுத்தமாகக் கேட்கப்படாமல் இருந்தது வியப்பே.

எண்ணெய்க்கும் தோலுக்கும் உள்ள தொடர்பு உண்மையில் முன்பே கண்டறியப்பட்டிருந்தது. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்ற தம்பதியர், கொழுப்பே இல்லாத உணவில் எலிகளை வளர்த்தார்கள். எல்லா வைட்டமின்களும் கொடுத்தும் எலிகளின் வால் செதில் செதிலாக உரிந்தது, தோல் காய்ந்தது, வளர்ச்சி நின்றது. சிறிதளவு லினோலிக் அமிலம் சேர்த்ததும் தேறின. 1929, 1930-ஆம் ஆண்டுகளில் வெளியான இந்த ஆய்வுகளே, உடலால் தானே செய்துகொள்ள முடியாத ‘இன்றியமையாக் கொழுப்பு அமிலங்கள்’ என்ற கருத்தைத் தந்தன. கொழுப்பு என்பது எரிபொருள் மட்டுமே, மாவுப்பொருள் அதிகம் தின்றால் அதை ஈடுகட்டிவிடலாம் என்று நினைத்திருந்த காலம் அது.

இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஒரு சோதனை நடந்தது. போரில் சேர மனச்சான்று இடங்கொடாத தன்னார்வலர்கள் 23 பேர் அதில் பங்கேற்றார்கள். அவர்களில் 16 பேருக்கு நெடுங்காலம் வைட்டமின் ஏ இல்லாத உணவு தரப்பட்டது. சிலருக்கு இருளில் பார்வை குறைந்தது. தோல் முடிச்சுகளோ, வைட்டமின் பெற்றவர், பெறாதவர் என்ற வேறுபாடின்றி இரு தரப்பிலும் காணப்பட்டன. ஹியூம், கிரெப்ஸ் ஆகியோர் தொகுத்த அறிக்கை 1949-இல் வெளிவந்தபோது, பழைய விளக்கம் ஆட்டங்கண்டது.

இதற்கிடையே குன்னூரில் ஓர் இளைஞர் இதே சிக்கலில் இறங்கியிருந்தார். 1918-இல் சேலத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த சி. கோபாலன், 1947-இல் தேரைத்தோலின் காரணம் பற்றி ‘இந்தியன் மெடிக்கல் கெசட்’ இதழில் எழுதினார். நிக்கல்ஸ் பெயர் சூட்டிய அதே இதழ். இதற்கு முந்தைய ஆண்டில் பாதங்கள் எரியும் நோய் பற்றியும் அவர் எழுதியிருந்தார். அவர் தேர்ந்தெடுத்தவை எல்லாம் ஏழைகளின் நோய்கள்; பெரிய மருத்துவமனைகளில் யாரும் பெருமைக்காகக் கையாளாதவை.

1953-இல் வி. ராமலிங்கசாமி ஆக்ஸ்ஃபோர்டில் சின்க்ளேருடன் செய்த எலி ஆய்வு வெளியானது. வைட்டமின் ஏ குறைவையும் கொழுப்பு அமிலக் குறைவையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்ததே அதன் சிறப்பு. மயிர்க்கால் முடிச்சோடு ஒத்துவந்தது கொழுப்பு அமிலக் குறைவே. ஆய்வுக்கூடம் 1958-இல் குன்னூரிலிருந்து ஹைதராபாத்துக்கு இடம் மாறி, 1969-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. அங்கே 1960-களில் நோயாளிகளின் இரத்தத்திலுள்ள கொழுப்பு அமிலங்களை அளந்தும், குசும்பா எண்ணெய், பி வைட்டமின்கள் கொடுத்துப் பார்த்தும் ஆய்வு தொடர்ந்தது. 1980-இல் வைட்டமின் ஈ-யின் பங்கும் பேசப்பட்டது.

முடிவு என்ன? ஒரே ஒரு பொருளைக் குற்றவாளியாக நிறுத்த முடியவில்லை. இன்றியமையாக் கொழுப்பு அமிலம், பி வைட்டமின்கள், வைட்டமின் ஏ, வைட்டமின் ஈ ஆகிய எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. மொத்த உணவே போதாத உடலில் இது வருகிறது. முழங்கை, முழங்கால், பிட்டம் போன்ற இடங்களில் மட்டும் வருவதற்கு, தரையில் ஊன்றுவதாலும் உராய்வதாலும் ஏற்படும் அழுத்தமும் ஒரு காரணம். ஒரு குறைவுக்கு ஒரு நோய் என்று பாடநூல் அட்டவணையில் படித்தவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் ஏழைக் குடும்பத்தின் தட்டில் ஒரே ஒரு சத்து மட்டும் தனியாகக் குறைவதில்லை.

மல்லாட்டை விளையும் மண்

கடலூர் மாவட்டத்து விருத்தாசலத்தைப் பலரும் பீங்கான் நகரம் என்றே அறிவார்கள். நெய்வேலிப் பகுதிக் களிமண்ணை ஆதாரமாகக் கொண்டு வளர்ந்த பீங்கான் தொழிற்கூடங்களும், அத்தொழிலைக் கற்பிக்கும் அரசு நிறுவனமும் அங்கே உள்ளன. அகல் விளக்கு, பொம்மை, மின்சாரத்துக்கான பீங்கான் கட்டைகள் என்று பலவும் செய்கிறார்கள். திருமுதுகுன்றம் என்ற பழம்பெயர் கொண்ட இந்த ஊருக்கு, நம் பொருளோடு நேராகத் தொடர்புடைய இன்னொரு முகமும் உண்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இங்கு இருக்கிறது. நிலக்கடலை, எள், முந்திரி ஆகியவற்றில் ‘வி.ஆர்.ஐ.’ என்ற எழுத்துகளோடு வெளிவந்த ரகங்கள் விருத்தாசலத்தின் பெயரைத் தாங்கியவை.

நிலக்கடலையை இப்பகுதி மக்கள் மல்லாட்டை என்பார்கள். மணிலாக்கொட்டை என்ற பெயர் நாக்கில் புரண்டு மல்லாட்டை ஆயிற்று என்பர். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பழைய தென்னார்க்காடு மாவட்டம் நிலக்கடலைக்குப் பெயர் பெற்றது. இங்கு விளைந்த கடலை புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் மார்சேய் நகருக்குப் போய், அங்குள்ள ஆலைகளில் எண்ணெயாகவும் சோப்பாகவும் மாறியது.

நூறு கிராம் கடலை எண்ணெயில் ஏறத்தாழ 25 முதல் 30 கிராம் வரை லினோலிக் அமிலம் உண்டு. நல்லெண்ணெயில் 40 கிராமுக்கு மேல். தேங்காய் எண்ணெயில் 2 கிராம் அளவே. பர் தம்பதியர் எலிகளின் வாலைக் குணப்படுத்திய அதே பொருள் தென்னார்க்காட்டுச் செம்மண்ணில் மூட்டை மூட்டையாக விளைந்தது. குன்னூர் ஆய்வாளர்கள் தென்னிந்திய ஏழைகளின் உணவில் கண்ட பெருங்குறைகளுள் ஒன்று, கொழுப்பு மிகமிகக் குறைவு என்பது. கடலை விற்பனைப் பயிர். மூட்டையில் கட்டியது சந்தைக்குப் போனது. குழம்பு தாளிக்கும்போது விழுந்தது சில துளி எண்ணெய். குழந்தையின் முழங்கை சொரசொரப்பாவதற்குக் காரணமான பற்றாக்குறை, அந்தப் பொருள் விளையாததால் வந்ததன்று என்பதே இந்த வரலாற்றில் உறுத்தும் பகுதி.

இங்கே ஒரு வேறுபாட்டையும் குறிப்பிட வேண்டும். ஈரக் களிமண்ணில் நாள் முழுதும் கைவைத்து வேலை செய்பவரின் உள்ளங்கையும் விரல்களும் காய்ந்து வெடிப்பது உணவுக் குறைவால் அல்ல. அது தொழில் தரும் தோல் பாதிப்பு. தேரைத்தோல் உள்ளங்கையில் வருவதில்லை. இரண்டையும் ஒன்றாகக் கருதி மாத்திரை விழுங்குவதில் பயனில்லை.

எண்ணெய்க் குளியல் பற்றி ஒரு சிறு செய்தி. 1974-இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஓர் ஆய்வில், குடல் நோயால் கொழுப்பை உறிஞ்ச முடியாமல் போன சிலருக்குச் சூரியகாந்தி எண்ணெயைத் தோலில் தடவியபோது, கொழுப்பு அமிலக் குறைவு ஓரளவு சரியானது. மிகச் சிலரை வைத்துச் செய்த ஆய்வு அது. சனிக்கிழமை நல்லெண்ணெய்க் குளியல் ஊட்டச்சத்து தருகிறது என்று இதை வைத்து முழக்கமிடக் கூடாது. எண்ணெய் தோலின் மேற்பரப்பிலேயே நின்றுவிடுவதில்லை என்ற அளவுக்கு மட்டும் இது சான்று.

சோளக் கூழும் பெல்லாக்ராவும்

உணவுக்கும் தோலுக்கும் உள்ள உறவில் உலகம் அதிகம் பேசிய நோய் பெல்லாக்ரா. இத்தாலிய மொழியில் சொரசொரத் தோல் என்று பொருள். வெயில் படும் கழுத்தில் மாலை போலவும், கையில் உறை போலவும் தோல் கறுத்துத் தடிக்கும். பிறகு வயிற்றுப்போக்கும் மனக்கலக்கமும் வரும். ஸ்பெயினில் காசல் என்ற மருத்துவர் 1735-இல் இதை மக்காச்சோளம் உண்ணும் ஏழைகளிடம் கண்டார். தொற்றுநோய் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. அமெரிக்காவில் ஜோசப் கோல்ட்பர்கர் 1915-இல் மிசிசிப்பியின் ஒரு சிறைப் பண்ணையில், மன்னிப்பு வாக்குறுதி பெற்ற கைதிகளுக்கு மக்காச்சோளமும் அரிசியும் சர்க்கரைப்பாகும் மிகுந்த உணவு கொடுத்தார். 11 பேரில் 6 பேருக்கு நோய் வந்தது. இன்றைய அறமுறைப்படி நினைத்துப் பார்க்க முடியாத சோதனை. 1937-இல் எல்வேஜெம், குறைவது நிகோடினிக் அமிலம் என்று காட்டினார்.

நம் நாட்டில் இந்நோய் தக்காணத்தில் சோளம் உண்பவரிடம் வந்தது. மக்காச்சோளம் வேறு, நாம் வழக்கமாகச் சோளம் என்பது வேறு. நம் சோளத்தில் நிகோடினிக் அமிலம் அவ்வளவு குறைவன்று. பின் ஏன் நோய்? சோளப் புரதத்தில் லூசின் என்ற அமினோ அமிலம் மிகுதி. அது உடலில் நிகோடினிக் அமிலம் உருவாவதையும் பயன்படுவதையும் குலைக்கிறது என்று கோபாலனும் ஸ்ரீகாந்தியாவும் 1960-இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். இக்கருத்தை எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. இருப்பினும் ஒரு சத்து இல்லாமை மட்டுமன்றி, இன்னொன்றின் மிகுதியும் தோலைக் கெடுக்கலாம் என்ற சிந்தனையைத் தந்தது அது. சோளமே தீது என்று இதற்குப் பொருளில்லை. பருப்பு, பால், கீரை எதுவும் சேராமல் சோளத்தை மட்டுமே நம்பிய வாழ்க்கையில்தான் இந்நோய் வந்தது.

கரப்பான் பண்டமும் முகப்பருவும்

சொறி, சிரங்கு, படை வந்தால் கத்தரிக்காய், கருவாடு போன்றவற்றைக் ‘கரப்பான் பண்டம்’ என்று விலக்கச் சொல்வது நம் வழக்கம். தமிழ் மருத்துவத்தில் பத்தியம் என்பது மருந்தின் பாதி. குறிப்பிட்ட சிலருக்கு மீனோ, முட்டையோ, கடலையோ ஒவ்வாமை தந்து தோல் தடிப்பது உண்மை. அவர்களுக்கு விலக்கு தேவையே. ஆனால் சிரங்கும் படையும் பூச்சியாலும் பூஞ்சையாலும் வருபவை. அவற்றுக்குக் கத்தரிக்காயை நிறுத்திப் பயனில்லை. மீனும் பாலும் சேர்த்து உண்டால் வெண்புள்ளி வரும் என்பதற்கும் சான்று இல்லை. ஏற்கெனவே ஊட்டம் குறைந்த குழந்தைக்குப் பத்தியத்தின் பெயரால் மீனையும் முட்டையையும் பருப்பையும் மாதக்கணக்கில் நிறுத்துவது, இருக்கும் குறையைக் கூட்டும்.

முகப்பருவின் கதை திசை மாறிய கதை. 1969-இல் அமெரிக்காவில் 65 பேருக்குச் சாக்லேட்டும், சாக்லேட் இல்லாத இனிப்புக் கட்டியும் கொடுத்துப் பார்த்து, பருவில் வேறுபாடு இல்லை என்று அறிவித்தார்கள். உணவுக்கும் பருவுக்கும் தொடர்பே இல்லை என்று அதை வைத்துப் பாடநூல்கள் பல பத்தாண்டுகள் எழுதின. ஒப்பீட்டுக்குக் கொடுத்த கட்டியிலும் ஏறத்தாழ அதே அளவு சர்க்கரையும் கொழுப்பும் இருந்ததைப் பலர் கவனிக்கவில்லை. 2002-இல் பாப்புவா நியூ கினியின் கிட்டாவா தீவில் பருவே காணப்படவில்லை என்ற செய்தி வெளிவந்தது. 2007-இல் ஆஸ்திரேலியாவில் 43 இளைஞர்களை வைத்து 12 வாரம் நடந்த சோதனையில், இரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றாத உணவு உண்டவர்களுக்குப் பரு கூடுதலாகக் குறைந்தது. இவை சிறிய ஆய்வுகள். ஆனாலும் பாட்டி சொன்ன ‘இனிப்பைக் குறை’ என்ற அறிவுரையை இப்போது தோல் மருத்துவர்கள் சிரித்து ஒதுக்குவதில்லை.

இன்றைய நிலை

1920-இல் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் நீதிக்கட்சிக் காலத்தில் தொடங்கி, 1956-இல் காமராசர் ஆட்சியில் விரிந்து, 1982 ஜூலையில் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டமாகப் பெருகிய பள்ளி உணவு, அய்க்ராய்டு தேடிய மூன்று அடையாளங்களும் எந்த வயதில் மிகுதியோ அந்த வயதுக் குழந்தைகளையே சென்று சேர்ந்தது. 1970 முதல் நாடு முழுவதும் சிறு குழந்தைகளுக்கு ஆறு மாதத்திற்கு ஒரு முறை வைட்டமின் ஏ சொட்டு மருந்தும் தரப்படுகிறது. கண் குருடாவதைத் தடுக்க வந்த மருந்து அது, தோலுக்காக வந்ததன்று.

2007 முதல் தமிழக நியாயவிலைக் கடைகளில் பருப்போடு பாமாயிலும் குறைந்த விலையில் கிடைக்கிறது. ஏழை வீட்டுச் சமையலில் எண்ணெய் துளிக்கணக்கில் விழுந்த நிலையை இது மாற்றியது. பாமாயிலில் லினோலிக் அமிலம் நூறு கிராமுக்கு ஏறத்தாழ 10 கிராம். கடலை எண்ணெயில் உள்ளதில் பாதிக்கும் குறைவு. செந்நிறப் பனையெண்ணெயில் இயல்பாக இருக்கும் கரோட்டின், சுத்திகரித்து நிறம் நீக்கும்போது போய்விடுகிறது. தேரைத்தோல் இன்றும் தென்னிந்திய மருத்துவமனைகளின் தோல் பிரிவுகளுக்கு வருகிறது. பெரும்பாலும் 5 முதல் 15 வயதுக்குள், பெரும்பாலும் முழங்கையில். பள்ளிச் சீருடையின் கை மடிப்பைச் சற்று மேலே தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.